காலை எடுத்துட்டேன் மாமா… காரே போகுது!

"பாருங்க மாமா, காலை எடுத்துட்டேன்!"

சொன்னது என் மச்சினன். இடம், திருக்கடையூரிலிருந்து காரைக்கால் வருகிற பழைய ரோடு. நேரம் ராத்திரி எட்டேகால். தை மாசக் கடைசி, லேசாகப் பனி. ஸ்பீடாமீட்டர் முள் (தப்பு, இப்போதெல்லாம் முள் ஏது, பச்சை நம்பர்தான்) 78 காட்டுகிறது. இவனோ இரண்டு காலையும் இழுத்து மடக்கி, திண்ணையில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறான். கார் பாட்டுக்குப் போகிறது.

மச்சினனுக்குச் சென்னையில் பழைய மகாபலிபுரம் ரோட்டில் கம்ப்யூட்டர் உத்தியோகம். ஏழு வருஷத் தவணையில் வாங்கிய கார். தவணை முடிவதற்குள் அவன் பையன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்து விடுவான். பையனுக்கு அம்மாவை இன்னும் பார்க்கவில்லை என்பது வேறு விஷயம்.

பின் சீட்டில் என் மனைவி, பெரிய அத்தை, நடுவில் பெரிய மாமா. பெரிய மாமா என்றால் என் மனைவியின் பெரியப்பா. எழுபது முடிந்து, அன்று காலைதான் திருக்கடையூரில் பீமரத சாந்தி பண்ணிக்கொண்டவர். எமனையே காலால் உதைத்த சாமியின் சந்நிதியில் பெரிய அத்தைக்கு மறுபடி தாலி கட்டிவிட்டு வருகிறார். மாலை வாசனை இன்னும் காருக்குள் இருக்கிறது. முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டியவர். அதனால் யார் கார் ஓட்டினாலும் வாயைத் திறக்க மாட்டார். வலது கால் மட்டும் அவரை அறியாமல் தரையை அழுத்திக்கொண்டே வரும்.

முன் சீட்டில் நான். மடியில் என் நாலு வயசுப் பெண். என் சீட் பெல்ட்டா? அதை அப்புறம் சொல்கிறேன். சொல்லவே கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

கார் 78-லேயே போய்க்கொண்டிருக்கட்டும். அதற்குள், காலில்லாமல் கார் எப்படிப் போகிறது என்று பார்த்துவிடலாம்.

* * *

இந்தச் சமாசாரத்துக்கு க்ரூஸ் கண்ட்ரோல் என்று பெயர். கண்டுபிடித்தவர் யார் தெரியுமா? கண் பார்வையே இல்லாத ஒரு மனிதர்! ரால்ஃப் டீட்டர் என்று அமெரிக்க இன்ஜினீயர். ஐந்து வயசில் கத்தி பட்டுப் பார்வை போனவர். ஆனாலும் படித்து, இன்ஜினீயராகி, பிஸ்டன் ரிங் தயாரிக்கிற கம்பெனிக்கே தலைவரானார்.

அவருக்கு ஒரு வக்கீல் நண்பர். அந்த வக்கீல் காரில் டீட்டரைக் கூட்டிக்கொண்டு போவார். பேசும்போது கார் மெதுவாகும், கேட்கும்போது வேகமாகும். நம் ஆபீஸ் நண்பர்கள் பாதிப் பேர் இப்படித்தான் ஓட்டுகிறார்கள். கண் தெரிந்தவனுக்கு இது உறைக்காது. கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பவனுக்கு ஒவ்வொரு குலுக்கலும் வயிற்றில் தெரியும். போதாக்குறைக்கு இரண்டாம் உலகப் போர் சமயம் பெட்ரோலையும் டயரையும் மிச்சம் பிடிக்க, 35 மைலுக்கு மேல் போகக் கூடாது என்று அமெரிக்காவில் உத்தரவு. வேகத்தை ஒரே அளவில் பிடித்து வைக்க ஒரு கருவி வேண்டும் என்று டீட்டர் உட்கார்ந்து யோசித்தார். 1950-ல் காப்புரிமை கிடைத்தது. 1958-ல் கிரைஸ்லர் கம்பெனி தன் கார்களில் 'ஆட்டோ பைலட்' என்று பெயர் சூட்டி விற்றது.

அப்போது கேபிள், ஸ்பிரிங் என்று இருந்ததெல்லாம் இப்போது கம்ப்யூட்டர் ஆகிவிட்டது. நான் பி.காம். எனக்குப் புரிந்த பாஷையில் சொல்கிறேன்.

ஒரு கம்பெனியில் வசூல் பிரிவில் நல்ல குமாஸ்தா ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாக்கிதாரரைப் பற்றி மூன்று கேள்வி கேட்பார். இன்றைக்கு எவ்வளவு பாக்கி? இதுவரை சேர்ந்த பழைய பாக்கி எவ்வளவு? பாக்கி ஏறிக்கொண்டு போகிறதா, இறங்கிக்கொண்டு வருகிறதா? மூன்றையும் கூட்டிக் கழித்துத்தான் போன் போடுவதா, நேரில் போவதா, வக்கீல் நோட்டீஸா என்று முடிவு பண்ணுவார். காருக்குள் இருக்கிற கம்ப்யூட்டரும் அதே குமாஸ்தாதான். நீங்கள் கேட்டது 78. சக்கரத்தில் இருக்கிற சென்சார் சொல்வது 75. பாக்கி 3. கொஞ்சம் பெட்ரோல் விடு. பாலம் ஏறுகிறதா? பழைய பாக்கி சேர்ந்துகொண்டே போகிறது, இன்னும் கொஞ்சம் விடு. பாக்கி சட்டென்று குறைகிறதா? போதும், குறை. ஒரு வினாடிக்குள் இந்தக் கணக்கைப் பல தடவை போட்டு முடித்துவிடுகிறது. நம் காலுக்கு வலியும் இல்லை, வேலையும் இல்லை.

மச்சினன் காரில் இருப்பது இதற்கும் ஒரு படி மேல். முன்னால் ரேடார். முன்னே போகிற வண்டி மெதுவானால் இதுவும் மெதுவாகும். அது வேகம் எடுத்தால் இதுவும் எடுக்கும். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கேமரா வேறு. ரோட்டில் போட்ட வெள்ளைக் கோட்டைப் பார்த்துக்கொண்டே வரும். கோட்டைத் தாண்டினால் ஸ்டீயரிங்கைப் பிடித்து உள்ளே இழுக்கும். ரோட்டில் படுத்திருக்கிற எருமைக்காக நீங்கள் இண்டிகேட்டர் போடாமல் ஒதுங்கினால், "எங்கே போறே?" என்று மறுபடி எருமை பக்கமே இழுத்து விட்டாலும் விடும். வெள்ளைக் கோடு தேய்ந்து போன ரோடுகளில் அந்தக் கவலை இல்லை!

"அது சரி, ஏன் 78? ரவுண்டாக 80 வைக்கலாமே?" என்று கேட்டேன்.

"80-ஐத் தாண்டினா பீப் அடிக்கும் மாமா. அதான் ரெண்டு குறைச்சு வெச்சேன்."

இந்த பதிலைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

* * *

ரோடு லேசாக இடது பக்கம் வளைகிற இடம். தூரத்தில் எதிரே ஒரு பஸ்ஸின் இரண்டு விளக்கு.

"தம்பி, பிரேக்கு! போடுடா பிரேக்கை!"

முப்பத்திரண்டு வருஷமாக அடுத்தவன் வண்டியில் வாய் திறக்காத மனிதர் போட்ட சத்தத்தில் மச்சினன் துள்ளி, மடக்கியிருந்த காலை நீட்டி, பெடலைத் தேடி, மிதித்தான். பெடல் கடகடவென்று அதிர்ந்தது. என் பெண் என் மடியிலிருந்து டாஷ்போர்டை நோக்கிப் போனாள். இரண்டு கையாலும் அவளைக் கட்டிப் பிடித்தேன். பிடித்தேன் என்று சொல்லிக்கொள்கிறேன். என் கையை நம்பி நின்ற ஒரு கணம் அது. கார் கொஞ்சம் வலது பக்கம் ஒதுங்கி நின்றது.

விளக்கு வெளிச்சத்தில் எதிரே, வைக்கோல் ஏற்றிய டிராக்டர் டிரெய்லர். பின்னால் சிவப்பு விளக்கு இல்லை. மினுக்கும் ஸ்டிக்கர் இருந்ததோ என்னவோ, வைக்கோல் மூடியிருந்தது. பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு பஞ்சராகி நிற்கிறது. டிரைவர் பீடி பிடித்தபடி, "பார்த்து வரக் கூடாதா சார்?" என்றார்.

டிரெய்லருக்கும் எங்கள் பம்பருக்கும் நடுவில் ஒரு ஆள் படுக்கலாம். இரண்டு பேர் படுக்க முடியாது.

"எப்படித் தெரிஞ்சுது பெரியப்பா?" என்றான் மச்சினன். குரல் எழும்பவில்லை.

"பஸ்ஸுக்கு ரெண்டு லைட்டு தெரிஞ்சுதுல்ல? அதுல ஒண்ணு ஒரு நிமிஷம் அணைஞ்சு எரிஞ்சுது. லைட்டு தானா கண்ணடிக்குமா? நடுவுல என்னமோ நிக்குதுன்னு அர்த்தம்."

அவ்வளவுதான். ரேடாருக்கு இந்தக் கணக்கு வராது.

* * *

வீட்டுக்கு வந்ததும் முதல் காரியமாக மச்சினனும் நானும் காரோடு கொடுத்த கையேட்டை எடுத்தோம். பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்கவில்லை. நம்மில் யார்தான் அதைப் படிக்கிறோம்? கல்யாணப் பத்திரிகையில் 'இப்படிக்கு' போட்டவர்கள் பட்டியல் மாதிரி அது.

அதில் தெளிவாகவே எழுதியிருந்தது. நின்றுகொண்டிருக்கிற வண்டியை இது கண்டுகொள்ளாமல் போகலாம். பனி, கனமழை, எதிர் வெயில், அழுக்குப் படிந்த கேமரா, இதிலெல்லாம் நம்பாதீர்கள். வளைவில் நம்பாதீர்கள். வழுக்கும் ரோட்டில் க்ரூஸ் போடாதீர்கள். ஆடு மாடு பற்றித் தனியாக ஒரு வரி.

நிற்கிற வண்டியை ஏன் விட்டுவிடுகிறது என்று உங்களுக்குச் சந்தேகம் வரும். எனக்கும் வந்தது. ரேடார் அலை எல்லாவற்றிலும் பட்டுத்தான் திரும்புகிறது. மைல் கல், பாலத்துக் கைப்பிடி, தலைக்கு மேலே போகிற பெயர்ப் பலகை, சாக்கடை மூடி, எல்லாமே நிற்கிற பொருள்தான். ஒவ்வொன்றுக்கும் பிரேக் போட்டால் பின்னால் வருகிறவன் நம் டிக்கியில் உட்கார்ந்திருப்பான். அதனால் வேகமாய்ப் போகும்போது, அசையாத பொருள்களில் பலவற்றை 'இது ரோட்டோடு சேர்ந்தது' என்று ஒதுக்கிவிடும்படி கற்றுக் கொடுத்திருக்கிறார்கள். கேமராவும் சேர்ந்து பார்க்கிற இப்போதைய கார்கள் எவ்வளவோ தேவலை. கடைசி நேரத்தில் எங்கள் காரும் பிரேக் போட்டிருக்கலாம். போடாமலும் போயிருக்கலாம். பரீட்சித்துப் பார்க்க நான் தயாராக இல்லை.

அறுவடைச் சமயத்தில் டெல்டா ரோடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பாதி ரோட்டில் நெல் காயும். நெல்லைச் சுற்றிக் கருங்கல் வைத்திருப்பார்கள். அறுவடை மிஷின் யானை மாதிரி அசைந்து வரும். வாஞ்சூர் துறைமுகத்திலிருந்து நிலக்கரி லாரி. சனிக்கிழமை என்றால் திருநள்ளாறுக்கு ஊர் தெரியாத கார்கள். இத்தனைக்கும் நடுவில் ஹெட்லைட் இல்லாத டி.வி.எஸ். ஃபிப்டியில் மூன்று பேர். ஜெர்மனியின் நெடுஞ்சாலையில் பிறந்த புத்திக்கு இதெல்லாம் பாடத்திட்டத்தில் இல்லை.

ஆனால் இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். அன்றைக்கு எங்களைக் காப்பாற்றியதில் பாதிப் பங்கு பெரிய மாமாவுக்கு என்றால் மீதிப் பாதி அதே காரின் எலெக்ட்ரானிக்ஸுக்குத்தான். பெடல் கடகடவென்று அதிர்ந்தது என்றேனே, அதுதான் ஏபிஎஸ்.

பழைய அம்பாசடர் காலத்தில் இப்படி மிதித்தால் சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டு, கார் சறுக்குப் பலகையில் விட்ட மாதிரி நேரே போகும். ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் கேட்காது. உருளுகிற சக்கரம்தான் திரும்பும், சறுக்குகிற சக்கரம் திரும்பாது. ஏபிஎஸ்ஸில் ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு சென்சார். சக்கரம் பூட்டப் போகிறது என்று தெரிந்ததும் பிரேக் பிடியைத் தளர்த்தி, மறுபடி பிடித்து, மறுபடி தளர்த்தி, ஒரு வினாடியில் பத்துப் பதினைந்து தடவை செய்கிறது. எந்த டிரைவர் காலாலும் முடியாத வேலை. மச்சினன் மிதித்தபடியே வலது பக்கம் ஒடிக்க முடிந்தது இதனால்தான். பெடல் அதிரும்போது பயந்து காலை எடுத்துவிடாதீர்கள், அது கெட்டுப் போனதற்கு அடையாளம் இல்லை, வேலை செய்வதற்கு அடையாளம்.

1978-ல் மெர்சிடஸ் காரில் போஷ் கம்பெனி எலெக்ட்ரானிக் ஏபிஎஸ்ஸைக் கொடுத்தது. நமக்கு வந்து சேர நாற்பது வருஷம் ஆயிற்று. 2018 ஏப்ரல் முதல் புது மாடல்களுக்கும், 2019 ஏப்ரல் முதல் விற்கிற எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயம். சென்னை பக்கத்தில் ஒரகடத்தில் அரசின் வாகன ஆராய்ச்சி மையம் இருக்கிறது. பிரேக்கைச் சோதிப்பதற்கென்றே வழுக்குகிற தளம், வழுக்காத தளம் என்று தனித்தனியாக ரோடு போட்டு வைத்திருக்கிறார்கள். வழுக்குவதற்காகவே அரசாங்கம் செலவு பண்ணிப் போட்ட ரோடு!

ஏபிஎஸ்ஸுக்கு ஒரு தம்பி உண்டு, இஎஸ்பி. கார் நாம் திருப்பிய பக்கம் போகாமல் வாலை வீசினால், ஏதாவது ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போட்டுக் காரை நேராக்கும். இதற்குப் பேர் வாங்கிக் கொடுத்தது ஒரு மான். 1997 அக்டோபரில் சுவீடன் நாட்டுப் பத்திரிகை ஒன்று, திடீரென்று குறுக்கே மான் வந்தால் ஒடித்துத் திருப்புகிற மாதிரி ஒரு பரீட்சை வைத்தது. (மான் என்றால் நம் புள்ளிமான் இல்லை, எருமை சைஸ்.) பரீட்சைக்கு வந்தது மெர்சிடஸின் புத்தம் புது ஏ-கிளாஸ். குட்டிக் கரணம் போட்டுவிட்டது. உலகம் சிரித்தது. கம்பெனி விற்பனையை நிறுத்திவைத்து, அதுவரை பெரிய பணக்காரக் கார்களில் மட்டும் இருந்த இஎஸ்பியை அந்தச் சின்னக் காருக்கும் எல்லா வண்டியிலும் கொடுத்தது. நமக்கு மானுக்குப் பதில் ஆடு. ஷோரூமுக்குப் போகிற தம்பிமார்களுக்கு ஒரு வார்த்தை. சன் ரூஃப் இருக்கிறதா என்று கேட்பதற்கு முன்னால் இஎஸ்பி இருக்கிறதா என்று கேளுங்கள். காரைக்கால் வெயிலுக்குக் கூரையைத் திறந்து என்ன பண்ணப் போகிறீர்கள்?

* * *

இப்போது வெட்கக் கதை.

என் சீட் பெல்ட் ஓட்டையில் அன்றைக்கு இருந்தது பெல்ட் இல்லை. ஒரு கிளிப். பெல்ட்டின் நாக்கு மாதிரியே இருக்கும். சொருகிவிட்டால் பெல்ட் போட்டதாக நினைத்துக் கார் வாயை மூடிக்கொள்ளும். கார் அலங்காரக் கடை ஒன்றில் 150 ரூபாய் கொடுத்து வாங்கி, என் பழைய காரில் போட்டு, 'மடியில் குழந்தை இருக்கும்போது பீப் தொல்லை' என்று மச்சினன் காரிலும் மறக்காமல் கொண்டுவந்து சொருகினேன். ஒரு காரில் பத்து லட்ச ரூபாய் கொடுத்து எச்சரிக்கை மணி வாங்குகிறோம், 150 ரூபாய் கொடுத்து அதன் வாயைக் கட்டுகிறோம். வரவு செலவு பார்க்கத் தெரிந்தவன் என்று எனக்குப் பட்டம் வேறு.

நான் ஒருத்தன் மட்டும் இல்லை. 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், இந்தக் கிளிப்பை விற்ற ஐந்து பெரிய ஆன்லைன் கடைகளுக்கு உத்தரவு போட்டு, 13,118 விற்பனைப் பக்கங்களை நீக்க வைத்தது. மூலைக் கடைகளின் கணக்கு அதில் வராது. மத்திய அரசின் அறிக்கைப்படி 2022-ல் சீட் பெல்ட் போடாமல் இறந்தவர்கள் 16,715 பேர். அதில் கிட்டத்தட்டப் பாதி, ஓட்டாமல் சும்மா உட்கார்ந்து வந்தவர்கள். அதே 2022 செப்டம்பர் 4-ந் தேதி டாடா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி மும்பை அருகே பால்கரில் இறந்ததும் அப்படித்தான். விலை உயர்ந்த கார், ஏர்பேக் எல்லாம் இருந்தது. பின் சீட்டில் இருந்த இரண்டு பேரும் பெல்ட் போடவில்லை என்றது போலீஸ். முன் சீட்டில் இருந்த இரண்டு பேரும் பிழைத்தார்கள்.

மடியில் குழந்தை என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். போட்டுவிட்டு ராத்திரி தூங்கவில்லை. 50 கி.மீ. வேகத்தில் போகிற கார் எதிலாவது மோதி, ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நிற்கிறது. அந்தக் கணத்தில் 15 கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த 200 கிலோவைத் தாங்குகிற கை வேண்டும். எட்டு அரிசி மூட்டை. நான் ஒரு மூட்டையை மாடிக்கு ஏற்றவே ஆள் கூப்பிடுகிறவன்.

இதில் ஏர்பேக் வேறு. ஒரு வினாடியை முப்பது துண்டாக வெட்டினால் ஒரு துண்டு, அவ்வளவு நேரத்தில் அது வெடித்து விரிகிறது. பெல்ட் போட்ட பெரியவனுக்கு அது தலையணை. மடியில் உட்கார்ந்திருக்கிற குழந்தைக்கு அது மோதுகிற சுவர். ஏர்பேக் மூடி மேல் எஸ்.ஆர்.எஸ். என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முதல் எழுத்துக்கு அர்த்தம் 'துணை'. யாருக்குத் துணை? பெல்ட்டுக்கு. மெயின் பொறியல், சோறு எல்லாம் பெல்ட்தான், இது ஊறுகாய்.

* * *

பீப்புக்கு வருகிறேன். மச்சினன் 78 வைத்தான் அல்லவா?

2019 ஜூலை முதல் தேதிக்கு அப்புறம் தயாரான எல்லாக் காரிலும் வேக எச்சரிக்கை கட்டாயம். 80-ஐத் தாண்டினால் விட்டு விட்டு பீப், 120-ஐத் தாண்டினால் விடாமல் பீப். நல்ல ஏற்பாடுதான். ஆனால் மத்திய அரசு 2018-ல் நிர்ணயித்த உச்ச வேகப்படி, நடுவில் தடுப்பு வைத்த நாலு வழிச் சாலையில்தான் காருக்கு 100. எங்கள் ரோடு மாதிரி சாதா ரோட்டில் 70! அதாவது மச்சினன் வண்டி சட்டத்தை எட்டு கிலோமீட்டர் மீறிக்கொண்டிருந்தது, கார் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மணி அடிக்கவில்லை என்பதால் சரியாகப் போகிறோம் என்று அவனும் நிம்மதியாக இருந்தான். எச்சரிக்கையாக வைத்த 80, போகலாம் என்கிற அனுமதிச் சீட்டாகிவிட்டது. கோட்டுச்சேரி கடைத்தெருவிலும் நிரவி பள்ளிக்கூட வாசலிலும் 75-ல் போனால்கூட அந்த மணி அடிக்காது. அங்கே வேண்டியது 30.

பத்துக் கிலோமீட்டர் கூடக் குறைய என்ன ஆகிவிடும் என்பவர்களுக்கு: வேகம் இரட்டித்தால் பிரேக் தூரம் இரட்டிப்பதில்லை, நாலு மடங்காகிறது. கந்து வட்டியே தேவலை. காய்ந்த ரோடு, நல்ல டயர், ஒரு வினாடியில் காலை வைத்துவிடுகிற சூட்டிகையான டிரைவர் என்றே வைத்துக்கொண்டாலும், 40-ல் போகிற கார் நிற்க 20 மீட்டர் போதும். 80-ல் 57 மீட்டர். 100-ல் 80 மீட்டருக்கு மேல். காலை மடக்கி உட்கார்ந்து, பெடலைத் தேடுகிறவனுக்கு இன்னொரு 20 மீட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள். ராத்திரியில் டிம் போட்டால் உங்கள் வெளிச்சம் எத்தனை மீட்டர் போகிறது என்று ஒரு நாள் இறங்கி அளந்து பாருங்கள். 2022-ல் இந்திய ரோடுகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். நூற்றுக்கு 71 பேர் சாவுக்குக் காரணம் அதிக வேகம் என்கிறது அதே அரசு அறிக்கை.

"எங்க காலத்துல கவர்னர்னு ஒண்ணு உண்டு மாப்ளே" என்றார் பெரிய மாமா. புதுச்சேரி ஆட்சிப் பகுதியில் கவர்னர் என்றால் எனக்கு வேறு ஞாபகம் வந்தது. இது வேகத்தைக் கட்டுகிற கவர்னர். ஜேம்ஸ் வாட் 1788-ல் நீராவி இன்ஜினில் இரண்டு இரும்புக் குண்டைச் சுற்ற விட்ட காலத்திலிருந்து இருக்கிற ஆசாமி.

"டீசல் பம்புல டிப்போவுல சீல் வைப்பாங்க. மூணாம் நாள் பாத்தா சீல் இருக்கும், கவர்னர் இருக்க மாட்டாரு."

"நீங்களுமா?"

"டயத்துக்குப் போகலேன்னா மெமோ குடுப்பான், வேகமாப் போனாலும் மெமோ குடுப்பான். எந்த மெமோ லேட்டா வருமோ அதை வாங்கிக்கிறதுதான்."

இப்போது லாரி, பஸ்களுக்கு எலெக்ட்ரானிக் கவர்னர். 2015-ல் திருத்திய விதிப்படி பொதுவாக 80, பள்ளிக்கூட பஸ், டேங்கர், டிப்பர்களுக்கு 60. சொந்தக் காருக்கு இந்தக் கட்டு கிடையாது, பீப் மட்டும்தான். ஐரோப்பாவில் ஒரு படி மேலே போய்விட்டார்கள். 2024 ஜூலை முதல் அங்கே விற்கிற எல்லாப் புதுக் கார்களிலும், கேமராவாலும் வரைபடத்தாலும் அந்தந்த ரோட்டின் வேக எல்லையைக் கண்டுபிடித்து, மீறினால் டிரைவருக்கு உணர்த்துகிற கருவி கட்டாயம். வேண்டாம் என்றால் அணைக்கலாம். ஆனால் அடுத்த தடவை காரைக் கிளப்பும்போது தானாக விழித்துக்கொள்ளும். நம் ஊருக்கு வந்தால் நன்றாகத்தான் இருக்கும். வேக எல்லைப் பலகை மேல் கட்டியிருக்கிற பூப்புனித நீராட்டு விழா ஃப்ளெக்ஸை அந்தக் கேமரா எப்படிப் படிக்கும் என்பதுதான் என் கவலை.

* * *

என் மாமனார் வீடு தருமபுரத்தில். ஆதீனம் இருக்கிற தருமபுரம் இல்லை, அது மயிலாடுதுறைப் பக்கம். இது காரைக்காலுக்கு மேற்கே, சைக்கிளில் போகிற தூரம். கோயிலில் சாமி பெயர் யாழ்மூரிநாதர். திருஞானசம்பந்தர் பாட்டுக்கு யாழ் வாசித்து வந்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். அவருடைய சொந்தக்காரர்கள் இந்த ஊரில், 'யாழ் இருப்பதால்தான் பாட்டுக்கு இவ்வளவு பெருமை' என்று பேசிக்கொண்டார்களாம். சம்பந்தர் யாழில் அடங்காத ஒரு பாட்டைப் பாடினார். பாணர் வாசித்துப் பார்த்தார், வரவில்லை. யாழையே உடைக்கப் போய்விட்டார். சம்பந்தர் தடுத்து, அதில் வந்த மட்டும் வாசியும் என்று திருப்பிக் கொடுத்தார் என்பது கதை.

மறுநாள் காலை திண்ணையில் மச்சினன் கையேட்டை மடியில் வைத்துக்கொண்டு, "இதை நம்பித்தானே பெரியப்பா மூணு லட்சம் கூடக் குடுத்து டாப் மாடல் எடுத்தேன்" என்று புலம்பினான். விற்றுவிடலாமா என்றுகூடக் கேட்டான்.

பெரிய மாமா கோயில் கோபுரத்தைக் காட்டினார். "யாழே தோத்த ஊருடா இது. ரேடாரு எம்மாத்திரம்? அதுக்காக யாழை உடைச்சாங்களா? வந்த மட்டும் வாசிக்கட்டும். நீ காலை மட்டும் கீழ வெச்சுக்க."

அந்த டாப் மாடல் இப்போதும் மச்சினனிடம்தான் இருக்கிறது. சென்னை–திண்டிவனம் ரோட்டில் க்ரூஸ் போடுகிறான், பாலாற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் வந்ததும் எடுத்துவிடுகிறேன் என்று சொல்கிறான். மழையில் போடுவதில்லை. காரைக்கால் எல்லைக்குள் போடுவதே இல்லை.

என் கிளிப்பை அன்று ராத்திரியே பெரிய மாமா கேட்டு வாங்கிப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் கிணற்றில் போட்டார். பெண்ணுக்குப் பின் சீட்டில் குழந்தை நாற்காலி வாங்கி மாட்டியாயிற்று. முதல் வாரம் ஒரே அழுகை. இப்போது பெல்ட் 'டக்' என்று சத்தம் கேட்டால்தான் காரைக் கிளப்ப விடுகிறாள். அன்றைக்குக் கேட்ட சங்கதிகளில் அவளுக்கு மனசில் நின்றது ஒன்றே ஒன்று. நான் கொஞ்சம் மிதித்தால் போதும், பின்னாலிருந்து "பீப்… பீப்… பீப்…" என்று ஆரம்பித்துவிடுகிறாள். அதுவும் 50-லேயே.

அவளுக்குச் சொருக ஒரு கிளிப் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை.